எட்டடிக் கடையும் என் கண்ணாடி அலமாரிகளும்

கடை திறக்கிறோம் என்று சொன்னால், என்ன சாமான் போடப்போறீங்க என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அந்தச் சாமானை எதற்குள் வைக்கப்போறீங்க என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. கடை வைத்து நொந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். சாமான் இன்றைக்கு வரும், நாளைக்குப் போய்விடும். கவுண்டரும் ஷோகேஸும் அப்படியில்லை. தப்பான ஒன்றை வாங்கி வைத்துவிட்டால், அது பொழுதன்றைக்கும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும்.

எழுபத்து நாலில், இலங்கை மலைநாட்டில் ராகலைக் கடைவீதியில் எட்டடி அகலத்தில் ஒரு கடை பிடித்தோம். என் கணவர் அந்தோனி பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளார்க்கு. அவர் வேலையை விட முடியாது, அதனால் கடை என் பொறுப்பு. துணி, ரிப்பன், வளையல், பவுடர், சீப்பு விற்றேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து வரும், கொழுந்து பறிக்கிற பெண்கள்.

ஒசர மேசை

முதல் கவுண்டரைச் செய்து தந்தவர் சிரிசேன பாஸ். எங்கள் பக்கத்தில் தச்சரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். என்ன உயரம் வேண்டும் என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நான் கிட்ட நின்று பார்த்த ஒரே கவுண்டர் அந்தோனியின் தோட்ட ஆபீசில் தொழிலாளர்கள் சம்பளம் வாங்க வந்து நிற்கிறதுதான். அதே மாதிரி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். நெஞ்சு உயரத்துக்கு, கெட்டிப் பலகையில், பச்சைப் பெயின்ட் அடித்து வந்து நின்றது. பார்க்க மதிப்பாகத்தான் இருந்தது.

ஆனால் வந்த பெண்கள் யாரும் அதை ஒட்டி நிற்கவில்லை. இரண்டடி தள்ளி, தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, நான் கூப்பிடுகிறவரை நிற்பார்கள். புதுக் கடை, கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு நாள் புதிதாக ஒரு பெண் வந்தாள். "என்ன வேணும்மா?" என்றேன். அவள் கவுண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மேப்பிரிவு, மூணாம் லயம், ராக்கம்மாங்க" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பேரு எதுக்கும்மா? என்ன சாமான் வேணும்னு சொல்லுங்க" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறு வாரமே பாஸைக் கூப்பிட்டுக் கவுண்டரில் ஒன்றரைச் சாண் அறுத்து எடுக்கச் சொன்னேன் என்றால், அதற்குக் காரணம் அவள் சொன்ன பதில்: "மன்னிச்சுக்கங்க அக்கா, இந்த ஒசரத்துல மேசையப் பாத்தா பேரும் லய நம்பரும் தானா வாய்க்கு வந்துருதுங்க."

மாதா இருந்த கூடு

அரசாங்கம் இறக்குமதியைத் தடுத்து, வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத வருஷங்கள் அவை. நல்ல கண்ணாடி வாங்க நுவரெலியா முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. வளையலைத் திறந்து வைத்தால் தூசி, பெட்டிக்குள் வைத்தால் யாருக்கும் தெரியாது. அந்த நேரம் எங்கள் கோயிலில் மாதா சுரூபத்துக்குப் புதுக் கூடு செய்தார்கள். பழைய கூடு சாமான் அறையில் கிடந்தது. பலாமரச் சட்டம், மூன்று பக்கமும் கண்ணாடி, மேலே ஒரு வளைவு. பங்குச் சுவாமியாரிடம் கேட்டேன். மேலே இருந்த சிலுவையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, எடுத்துப் போ என்றார்.

சிவப்பும் பச்சையுமாக வளையல்களை அடுக்கி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிலோமினா வந்தாள். கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள், நல்ல கெட்டிக்காரி. வாசல்படி ஏறினதும் கூட்டைப் பார்த்தாள், முழங்காலை மடித்தாள், சிலுவை போட்டாள். பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்துவிட்டோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை: "எல்லாம் நல்லாச் சிரிங்க. இருவது வருசமா இந்தக் கண்ணாடிக்கு முன்னால நின்னு அழுதிருக்கேன், உள்ள இருக்கிறது இப்ப வளையல்னு என் கைக்கு எப்பிடித் தெரியும்?"

கொழும்பு அலமாரி

எழுபத்தேழில் அந்தத் தடை நீங்கிய பிறகு சாமான் கொட்டத் தொடங்கியது. கூடவே ஷோகேஸ் விற்பவர்களும் வந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி, அலுமினியச் சட்டம் போட்டு நாலு பக்கமும் காற்றுப் புகாத கண்ணாடி அலமாரி ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். தூசி போகாது என்றார், உண்மைதான். மார்கழி பிறந்தது, பனிமூட்டம் இறங்கியது. கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்த்துக் கொட்டி, அலமாரி முழுக்கப் பால் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. வெளியே எவ்வளவு துடைத்தாலும் சாமான் தெரியாது. தோல் கைப்பைகளில் பூஞ்சணம். அந்தோனி பின்பலகையில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது அந்தத் தம்பியே வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடு சொன்னார்: "கொழும்பில இந்த அலமாரியப் பத்தி ஒருத்தரும் ஒரு குறையும் சொன்னதில்ல மிஸ்."

புள்ள ஒசரம்

அந்தத் தம்பி இன்னொரு யோசனையும் சொல்லியிருந்தார். பொம்மைகளைக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டுமாம். பிள்ளைகள் கண்ணில் பட்டால் பெற்றவர்கள் வாங்கித்தானே ஆக வேண்டும்? கண்ணை மூடித் திறக்கும் பிளாஸ்டிக் பொம்மைகளைக் கீழே வரிசையாக உட்கார வைத்தேன். நன்றாகவே விற்றன. கண்ணாடியின் கீழ்ப்பக்கம் எப்போதும் மூக்குத் தடங்களாக இருக்கும். துடைத்துத் துடைத்து எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட.

வெள்ளையம்மா என்று ஒருத்தி, மகளுக்குப் பள்ளிக்கூட வெள்ளைத்துணி எடுக்க வந்தாள். பிள்ளைக்கு ஐந்து வயது இருக்கும். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்று நின்றது. கடைசியில் அவள் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். அழுகை பஸ் நிறுத்தம்வரை கேட்டது. அடுத்த மாதம் மறுபடி வந்தாள். வாசலிலேயே குனிந்து, மகளின் இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் பொத்தி, அப்படியே நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையும் பழகினதுபோலப் பேசாமல் வந்தது. நூல் ஒரு உருண்டை வாங்கினாள். என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்: "அக்கா, நீங்க விக்க வேண்டியதுதான். ஆனா எங்க புள்ளைங்க ஒசரத்துல கொண்டாந்து ஆசைய வைக்காதீங்க."

பொம்மைகள் அன்றைக்கே மேல்தட்டுக்குப் போயின. விற்பனை விழுந்ததும் உண்மை.

ஒரே மாதிரி ரெண்டு சேலை

வீதியைப் பார்த்த ஷோகேஸ் எனக்குப் பெருமை. அதில் ரோஸ் நிறத்தில் நீலப் பூப் போட்ட நைலெக்ஸ் சேலை ஒன்றை ஆறு மாதமாகத் தொங்கவிட்டிருந்தேன். காலை வெயில் நேரே அதில்தான் விழும். சேலை ஜொலிக்கிறது என்று மட்டும்தான் பார்த்தேன்.

எண்பதில் ஒரு நாள் மாரியாயியும் அவள் தங்கச்சி செல்லமும் வந்தார்கள். ஒரே தோட்டம், அடுத்தடுத்த லயம். இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களைப் பிரித்ததில், அக்கா வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. தங்கச்சி குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. சனிக்கிழமை ரயில், பிறகு தலைமன்னாரில் கப்பல். அதற்கு முன்னால் ஒரே மாதிரி இரண்டு சேலை வேண்டும் என்றார்கள். இருந்த எதையும் பிடிக்கவில்லை, அந்த ரோஸ் சேலையைத்தான் காட்டினார்கள். உள்ளே அதே மாதிரி ஒன்று இருந்தது. ஷோகேஸில் இருந்ததை இறக்கி விரித்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மடிப்பின் வெளிப்பக்கம் முழுக்க வெளுத்து, பூவெல்லாம் சாம்பல் நிறமாகியிருந்தது. "பத்து நாள் பொறுங்க, நுவரெலியாவில சொல்லி எடுத்துத் தாறேன்" என்றேன். "எங்களுக்குப் பத்து நாள் இல்லீங்களே" என்றாள் செல்லம்.

வெளுத்ததைத் தங்கச்சி தனக்கென்று எடுத்தாள். அக்கா பிடுங்கினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எனக்குத்தான், எனக்குத்தான் என்று சண்டை. நல்ல சேலை கவுண்டரில் கேட்பாரில்லாமல் கிடந்தது. கடைசியில் மாரியாயிதான் ஜெயித்தாள். வெளுத்த சேலையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு தங்கச்சியிடம் சொன்னாள்: "நீ குளுருல இருக்கப் போறவ, நல்லத உடுத்து. அங்க ஒரே வெயிலாம், எதக் கொண்டு போனாலும் வெளுக்கத்தான போவுது."

கண்ணாடி இல்லாத சட்டம்

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகும் ஏன் மறுபடி கண்ணாடி போட்டாய் என்று அந்தோனி கேட்பதுண்டு. அந்த ஆடி மாதத்தில் எங்கள் கடைவீதியிலும் தமிழர் கடைகள் சில எரிந்தன. நாங்கள் இரண்டு வாரம் தோட்டத்தில் அந்தோனியின் அண்ணன் வீட்டு லயத்தில் இருந்துவிட்டுத் திரும்பினோம். கடைக்குச் சுவரும் கூரையும் மிச்சம். சாமானில் பாதி இல்லை, கண்ணாடியில் ஒன்றுகூட இல்லை. மூன்று வாளி நிறையக் கூட்டி அள்ளினேன். இருக்கிற சாமானை விற்றுத் தீர்த்துவிட்டு ஊரை விட்டே போய்விடலாம் என்று முடிவு. அதுவரைக்கும் வெறும் சட்டத்துக்குள் சாமானை அடுக்கிக் கடையைத் திறந்தேன்.

மூன்றாம் நாள், கீழே உள்ள சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். நூல் வாங்க முன்பு வந்த முகம்தான், பேர் தெரியாது. எனக்குப் பயம். கல்லாப்பெட்டியைக் கவுண்டருக்குக் கீழே தள்ளி வைத்தேன். வெள்ளை ரிப்பன் வேண்டும் என்று விரலை நீட்டினாள். ரிப்பன் சட்டத்துக்குள், கைக்கெட்டும் தூரத்தில். விரல், கண்ணாடி இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவள் எடுக்கவில்லை. நான் சுற்றி வந்து எடுத்துத் தருகிறவரை அப்படியே நின்றாள். இரண்டு கெஜம் அளந்து வெட்டிக் கொடுத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை: "கண்ணாடிதான் இல்லியே, கையை விட்டு எடுத்திருக்கலாமே?"

அவளுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். ஊரை விட்டுப் போகாமல் என்னை மறுபடி கண்ணாடி போட வைத்த பதிலை வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னாள்: "கண்ணாடி இல்லாட்டியும் கடை ஒங்கடதானே."

எந்த அலமாரி நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்பதையெல்லாம் வாங்க வருகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். கடைக்காரர் தெரிவு செய்கிறார் என்பது, நம் மனம் நோகாமல் இருக்க ஊரார் சொல்லிவைத்த ஒரு மரியாதைப் பேச்சு.