தாழ்ப்பாள் உங்க பக்கம்

என்னைப் போல ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். விடிந்தால் எனக்குக் கல்யாணம். முந்தின நாள் நண்பகலில் நானாகவே போய் ஒரு கூட்ஸ் வண்டிக்குள் ஒளிந்துகொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஞானோபதேசக் கேள்விகளுக்குப் பதில் ஒப்பிக்காதவனுக்கு எங்கள் சபையில் கல்யாணம் கிடையாது. கேள்வி கேட்கிற உபதேசியாரிடம் மூன்று முறை தோற்றிருந்தேன். அன்று அவர் குடையும் புத்தகமுமாகப் பிளாட்பாரத்தில் வருவதைப் பார்த்ததும், தவிட்டு மூட்டை ஏற்றிய பெட்டிக்குள் நழுவினேன். யாரோ கதவை இழுத்துச் சாத்தினார்கள். வெளியே கொக்கி விழுந்தது.

நல்லதாகப் போயிற்று என்று சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் என்ஜின் வந்து முட்டியது. ஒரு மூட்டை என் மடியில் விழுந்து பிரிந்தது.

வண்டி ஆந்திரப் பக்கம் கூடூருக்குப் போவது. உள்ளே இருட்டு, தலைக்கு மேல் வெயிலில் காய்ந்த இரும்பு. கத்தலாமென்று வாயைத் திறந்தால் தவிடு. கதவைக் குத்தினேன்; கை வெந்ததுதான் மிச்சம். பெண் வீட்டார் காலையிலேயே வந்து இறங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று அந்தப் பெண்ணிடம் யார் போய்ச் சொல்வார்கள்? அதை நினைத்ததும் என் வேடிக்கையெல்லாம் வற்றிப்போயிற்று. ஜெபிக்கவும் கூச்சம். ஆண்டவருடைய ஆளுக்குப் பயந்து ஒளிந்தவன், அவரையே எப்படிக் கூப்பிடுவது?

அப்போதுதான் கேட்டது. டங். டங். யாரோ தட்டினார்கள்.

ஆண்டவர் வெளியே நின்று தட்டுகிறார், தாழ்ப்பாள் நம் பக்கம் இருக்கிறது, நாம்தான் திறக்கவேண்டும் என்று உபதேசியார் பிரசங்கிப்பார். தடவிப் பார்த்தேன். என் பக்கம் ஒன்றுமே இல்லை.

"வாரும் ஆண்டவரே!" என்று அலறினேன். "தாழ்ப்பா உங்க பக்கந்தான் கீது!"

தட்டல் நின்றது. கதவு திறந்தது. கையில் சுத்தியலோடு, சக்கரங்களைத் தட்டிச் சோதிக்கிற பழவேற்காட்டு பாய் நின்றிருந்தார்.

"யாருப்பா அது, ஆண்டவரேன்றது? நான் வீலு தட்றவன். தவுட்டுக்குள்ள இன்னா பண்ணிக்கினு கீறே, கோழியா நீ? எறங்கு, வண்டி கெளம்பப் போவுது!"

பாய் ஆண்டவர் இல்லை. அந்த அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு. ஆனால் அந்தத் தட்டலில் அவர் இருந்தார். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

உபதேசியார் பிளாட்பாரக் கோடியில் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய் எதிரில் நின்றேன். எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை. புத்தகத்தைப் பிரித்தார்.

"கடவுள் எங்கே இருக்கிறார்?"

"வெளிய நிக்கிறாருங்கய்யா. நம்ப சாத்திக்கினு உள்ள குந்தினாலும் போவ மாட்டேன்றாரு."

புத்தகத்தில் அந்தப் பதில் இல்லை. தவிடு அப்பியிருந்த என்னை அவர் உச்சி முதல் கால்வரை பார்த்தார். புத்தகத்தை மூடினார்.

"ஐயா, நாளைக்குக் கல்யாணம் உண்டுங்களா?"

"குளிச்சிட்டு வா."