எஞ்சினுக்குக் கட்டிய வாடி

2007ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த வாரம், எங்கள் ஊர்க் கடற்றொழிலாளருக்குப் பாரம் தூக்கும் முறையைக் கற்பிக்கக் கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்கும் வேலை எனக்கு.

பயிற்சிக்குக் காரணம் இருந்தது. சுனாமிக்கு முன் என் மூத்த சகோதரியான ராத்தாவின் வீடு கடற்கரையிலேயே இருந்தது. அவருடைய கணவர், என் மச்சான், படகின் எஞ்சினைக் கழற்றித் தோளில் ஏற்றினால், பீடி ஒன்று முடியுமுன் முற்றம் வந்துவிடும். சுனாமிக்குப் பிறகு, கடலோரத்தில் மனிதர் வசிப்பது ஆபத்து என்று கண்டுபிடித்த அரசாங்கம் அங்கே குடியிருக்கத் தடை போட்டு, வயல் பக்கம் வீடு கொடுத்தது. எஞ்சினைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை. கரையில் விட்டால் களவு போகும். ஆகவே மச்சான் அதைத் தினமும் ஊருக்குக் குறுக்கே, பிரதான வீதியில் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சுமந்தார். இடுப்புக்குப் பின்னால் நாரி பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை பிடித்தால் கடலை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் வைத்தியர். மச்சானுக்கு வேறு தொழில் தெரியாது.

ஆலோசகர் நல்ல மனிதர். முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, அட்டைப்பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக் காட்டினார். பெட்டி வெறுமையாக இருந்தது. சாரன் உடுத்தவர்கள் அதேபோல் முழங்காலை மடித்தபோது நேர்ந்த சங்கடங்களை நான் பதிந்து வைக்கவில்லை.

முடிவில் முதன்மையான விதியைச் சொன்னார்: சுமக்கும் தூரத்தைக் குறையுங்கள். தமிழில் சொன்னேன்.

மண்டபத்தில் இருந்த மச்சான் எழுந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப ஊட்டக் கடலுக்குக் கிட்டக் கொண்டு வரச் சொல்லுங்க. இல்லாட்டிக் கடல ஊட்டுக்குக் கிட்ட. அது ஒருக்கா வந்ததுதானே."

முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன். வீடு தன் கையில் இல்லை என்ற ஆலோசகர், எஞ்சினை வைக்கக் கரையில் சின்னக் கொட்டிலாய் ஒரு வாடி கட்டலாமே என்றார். அரசாங்கக் கந்தோரில் விசாரித்தோம். தடை மனிதருக்கு மட்டுந்தான், எஞ்சினுக்கு இல்லையாம். தகரக் கூரையோடு வாடி எழுந்தது. பக்கத்துக் கரையில் ஒரு வாடியின் பூட்டு உடைபட்டதாகக் கேள்விப்பட்டதும், மச்சான் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் படுக்கப் போனார்.

"திரும்பக் கடல் வந்தா என்ன செய்வீங்க?" என்று ராத்தா கேட்டார்.

"எஞ்சினத் தூக்கிட்டு ஓடமாட்டன். நாரிக்குக் கூடாதாம்."

போர் முடிந்த 2009இலும் அங்கேதான் படுத்தார். நாரி நோ திரும்பவில்லை. விடியுமுன் எல்லோருக்கும் முந்திக் கடலில் இறங்கினார். ராத்தா மட்டும் அந்தப் பாதுகாப்பான வீட்டில், கடலின் இரைச்சல் எட்டாத தூரத்தில், நித்திரையில்லாமல் கிடந்தார்.