முனைப் பாறைத் தண்ணீர்

குமுதவல்லிக்குப் பாம்பென்றால் பயமில்லை. லிங்கிப் பக்கத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக நாற்றுப் பைக்கு மண் நிரப்புகிறவள். பையடியில் எது சுருண்டு கிடந்தாலும் கம்பால் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவள் இப்போது கடலுக்குப் பயந்தாள்.

லோரி ஓட்டிய கணவன் சுகுமாறன் மாரடைப்பில் போய் இரண்டு மாதம். அஸ்தியைப் போர்டிக்சனுக்குத் தெற்கே, முனைப் பாறையடியில் கரைத்தார்கள். "திரும்பிப் பாக்காம நடங்க," என்றார் பூசாரி. சுகுமாறனின் அக்கா பஞ்சாலை ஒரு படி மேலே போய், எல்லாரையும் கால் மணலைக் கழுவவைத்துத்தான் காரில் ஏற்றினாள். "இங்கேருந்து ஒரு பொட்டு மண்ணு வீட்டுக்கு வரக்கூடாது. வந்தா அவனும் கூடவே வந்துருவான்."

வம்பு என்னவென்றால், கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் அவன் கடலில் வாழும் கோமாளி மீன் இரண்டை விட்டுப் போயிருந்தான். பிள்ளையில்லாத வீட்டில் பெரிசு, சின்னது என்று கொஞ்சி வளர்த்தவை. ஒன்பது வருடமாகத் தண்ணீரும் மணலும் அதே பாறையிலிருந்துதான் வந்தன. கடை உப்பைக் கரைத்து ஊற்றுவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். "கடல் ஏறி நிக்கிறப்பதான் எடுக்கணும். மழை பேஞ்ச மறுநாளு கிட்டவே போகக்கூடாது," என்று தொட்டியைப் பார்த்துப் பேசுவான். மீனிடம் சொல்கிறான் என்று அவள் சமையலைக் கவனிப்பாள்.

பீப்பாயில் சேர்த்துவைத்தது தீர்ந்தது. பாறைக்குப் போகப் பயந்து, பக்கத்து வீட்டு ரதியின் காரில் லிங்கி ஆறு கடலில் விழும் இடத்துக்குப் போய், நாலு பெரிய போத்தல் தண்ணீரும் ஒரு வாளி மணலும் கொண்டுவந்து தொட்டியில் போட்டாள். முந்தின நாள்தான் கொட்டோ கொட்டென்று மழை. கடல் கடல்தானே என்று நினைத்துவிட்டாள், பாவி.

மறுநாள் காலை பெரிசு சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் அடித்துக்கொண்டது. புது மணலைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். உப்பு பார்க்கும் மிதவையைப் போட்டாள். சுகுமாறன் கிழித்திருந்த சிவப்புக் கோடு தண்ணீருக்குள் அமுங்கியது. உப்பு போதவில்லை. சிரம்பானில் மீன் உப்பு விற்கும் கடை பெருநாளுக்குப் பூட்டிக் கிடந்தது. சுகுமாறனும் இதே கூடத்தில்தான் இப்படி மூச்சுக்குத் தவித்தான். அன்றைக்கும் அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அந்தக் கறுத்த ஆற்று மணலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு ஓடினாள். "ரதி, காரை எடு. பாறைக்குப் போவோம்."

"அங்கயா? பஞ்சாலக்காவுக்குத் தெரிஞ்சா நம்ம செத்தோம்லா!"

கடல் ஏறி நின்றது. ரதி காரை விட்டு இறங்கவில்லை. கெண்டைக்காலில் அலை பட்ட ஒவ்வொரு தடவையும் யாரோ தொட்டதுபோல் குமுதவல்லிக்கு உடம்பு தூக்கிப்போட்டது. அவன் பேரை மனசுக்குள்கூடச் சொல்லவில்லை. போத்தல்களையும் ஒரு பை வெள்ளை மணலையும் நிரப்பிக்கொண்டு மேலே ஏறும்போது, பின்னால் ஈர மணலில் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. யாருமில்லாததுதான் இன்னும் பயமாக இருந்தது.

வீட்டு வாசலில் பஞ்சாலை நின்றாள். போத்தலைப் பார்த்ததுமே அவள் முகம் வெளுத்தது.

"அந்தத் தண்ணியா?"

"ஆமா அண்ணி. பெரிசு செத்துக்கிட்டு இருக்கு."

"திரும்பிப் பாத்தியா?"

"பாத்தேன்."

பஞ்சாலை கத்தப்போகிறாள் என்று ரதி காருக்குள் குனிந்துகொண்டாள். பஞ்சாலையோ வாசலிலிருந்து இறங்கி வந்து, போத்தலின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

துணியில் வடிகட்டி, குவளை குவளையாக ஊற்றினார்கள். சிவப்புக் கோடு மேலே வரச் சாயங்காலமாகிவிட்டது. பெரிசு ஒரு தடவை புரண்டது, அப்புறம் எழுந்தது. இரண்டும் மெல்ல நீந்தித் தொட்டியின் இடது ஓரத்துக்குப் போய்க் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நின்றன. சுகுமாறன் நின்று தீனி போடும் இடம் அது. இரண்டு மாதமாக அவை அந்தப் பக்கமே போனதில்லை.

குமுதவல்லிக்கு மயிர்க்கூச்செறிந்தது. பஞ்சாலை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"பயமா இருக்கா குமுதா?"

"ஆமா அண்ணி."

"எனக்குந்தான்."

பஞ்சாலை கிளம்பிப் போகவில்லை. அலமாரியிலிருந்து தீனி டப்பாவை எடுத்துக் குமுதவல்லியின் கையில் திணித்தாள்.

"போடு. பசியோட நிக்குதுல்ல."