என் கிட்டார் கரகரத்த வாரம்

மைசூர் விஜயநகரில், எங்கள் லேஅவுட்டின் கணபதி விழாக் கச்சேரிக்கு நான்தான் கிட்டார். கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் கரகரக்க ஆரம்பித்தன.

"வீடு துடைக்கிறப்ப நீதான் தட்டிவிட்டிருப்ப" என்று மனைவி மேல் எரிந்து விழுந்தேன்.

"தட்டின ஞாபகமே இல்லையேங்க" என்றாள். ஆனாலும் அவளே ஸ்கூட்டரில் என்னை ரிப்பேர் கடைக்கு அழைத்துப்போனாள். "என்னாலதான் இப்படி ஆயிடுச்சு. சரி பண்ண முடியுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

அவர் கிட்டாரின் கழுத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "ஸ்வல்ப இருங்க மேடம். இது அடிபடவே இல்ல. அழுத்த சுலபமா இருக்கட்டும்னு யாரோ மெல்லிசு கம்பி மாத்தியிருக்காங்க. இழுப்பு கம்மியாகி கழுத்து நிமிர்ந்துடுச்சு, அதான் கம்பி கட்டையில உரசுது."

கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைச் சாவி போட்டுக் கொஞ்சம் தளர்த்தினார். கரகரப்பு போய்விட்டது.

கம்பியை மாற்றியது நான். மூட்டுவலியால் பழைய கம்பியை அழுத்த முடியவில்லை. மாற்றிய அன்றுதான் சத்தம் வந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் திட்டுவாள் என்று நின்றேன். அவள் என் இடது கையை எடுத்து, "எந்த விரல் வலிக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்ட நான், அவள் மேல் பழி போட வெட்கப்படவில்லை.