திம்மராயன் வைத்த பொட்டு

கடலைப் பார்க்காமலே படகைப் பற்றிப் பேசுவதில் எங்கள் திம்மராயனை மிஞ்ச ஆள் கிடையாது. பாகலூர்க்காரர். ஓசூர் சிப்காட்டில் எங்கள் சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. அவர் வாழ்நாளில் பார்த்த பெரிய தண்ணீர் கிருஷ்ணகிரி அணைதான். ஆனாலும் தொண்ணூற்றாறில் மீன்பிடிப் படகின் ஜி.பி.எஸ். கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வேலை வந்ததும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு அலையைப் பற்றி வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். ஸ்டோர் கீப்பரான நான் ரசம் ஆறும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

வேலை இதுதான். படகு நிற்கும் இடத்தை அந்தக் கருவி எண்ணாகச் சொல்லும். அந்த எண் மூன்று ஒயர் வழியாகப் போய்க் கம்ப்யூட்டர் திரையில் தெரிய வேண்டும். எந்த ஒயர் எங்கே என்று திம்மராயன் பார்த்துச் சொன்னார், ஜோதிமணி பற்றவைத்தாள். மத்திகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பெண், அவளும் தற்காலிகம். அந்த வருஷம் நிரந்தரமாக்க ஒரே ஓர் இடம் இருந்தது. அது திம்மராயனுக்குத்தான் என்று அவரே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எண்கள் அழகாக வந்தன. பூஜையன்று சந்தனக் கிண்ணத்தை அவர் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர், சால்டரிங் அயர்ன், என் ஸ்டோர் பூட்டு என ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தார். குறுக்கே நின்றிருந்தால் எனக்கும் வைத்திருப்பார்.

லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்றே தூத்துக்குடியிலிருந்து சுடலைமுத்து வந்துவிட்டார். நான்கு விசைப்படகுகளுக்குச் சொந்தக்காரர், இணைப்பு சரியாக வந்தால் ஆர்டர் கொடுக்க வந்தவர். கேபிளைச் செருகி சுவிட்சைப் போட்டால், திரையில் ஒன்றுமே இல்லை. திம்மராயனுக்குக் கோபம் வந்தால் கன்னடம், பயம் வந்தால் தெலுங்கு. ஐந்து நிமிஷத்தில், "அய்யோ தேவுடா!" என்றார்.

மேனேஜர் திரும்பினார். "கேபிள் சால்டர் பண்ணது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் ஜோதிமணி.

"ஒரு கேபிள்கூட உருப்படியா வராதா உனக்கு? இந்த லட்சணத்துல பர்மனென்ட் வேற!"

திம்மராயன் கேபிளைப் பிடுங்கி அதன் முனையைப் பார்த்தார். டார்ச் பிடித்திருந்த நானும் பார்த்தேன். ஒயர் மூன்றுதான் என்றாலும் பிளக்கில் துளை ஒன்பது. ஒன்பதிலும் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது, நடுவில் அம்சமாகக் குங்குமம். அவர் என்னைப் பார்த்தார். நான் டார்ச்சை அணைத்தேன். ஒரு குண்டூசி போதும், யாருக்கும் தெரியாமல் குத்தி எடுத்துவிட்டு, பற்றவைத்ததில் கோளாறு என்று சொல்லிவிடலாம். இடமும் அவருக்கே. ஆறு வருஷம் காத்திருந்த மனுஷன், பாவம், தொண்டையைச் செருமினார்.

"சார், அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க. பூஜைக்கு இதுக்கும் நான்தாங்க பொட்டு வச்சேன். சரியா வாயிலயே வச்சுப்புட்டேன்."

மேனேஜர் முகம் சிவந்தது. ஜோதிமணி குண்டூசி எடுத்துத் துளைகளைச் சுத்தம் செய்தாள். மறுபடி செருகியதும் எண்கள் ஓடின. சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எங்க போட்டுக்கும் நாங்க சந்தனம் வைப்போம் அண்ணாச்சி. நெத்தில வைப்போம், வாயில வச்சு அடைக்க மாட்டோம்" என்றவர், அன்றைக்கே ஆர்டரும் கொடுத்துவிட்டுப் போனார்.

தை மாதம் நிரந்தரமானவர் பட்டியல் வந்தது. இருந்தது ஜோதிமணி பெயர். டப்பா நிறைய மைசூர்பாகோடு வந்தவள், மேனேஜர் அறையைத் தாண்டி நேராகத் திம்மராயன் மேஜைக்குப் போய் நின்றாள். டப்பாவை நீட்டினாள். அவரோ வெட்கமே இல்லாமல் மூன்று துண்டு எடுத்துக்கொண்டார்.