அம்மாவின் முழங்காலில் கரைந்த வெள்ளை

என் ஆராய்ச்சியைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனை தடவைதான் சொல்வது? எலும்பில் இருக்கும் கால்சியம் உப்பைக் கண்ணுக்கே தெரியாத நானோ துகளாக்கி, ஜெலட்டினோடு கலந்து, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக உறைய வைக்கிறேன். எலும்பில் குழி விழுந்த இடத்தில் அதை வைத்தால், உடம்பின் செல்கள் உள்ளே புகுந்து புது எலும்பு கட்டும். கட்டிடத்துக்குச் சாரம் கட்டுகிறோமே, அந்த வேலைதான். முடிந்ததும் சாரம் தானாகக் கரைந்துவிட வேண்டும். எந்த வேகத்தில் கரைய வேண்டும் என்பதற்காகத்தான் திருப்பதியில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறேன். சித்தூரில் இருக்கும் அம்மாவைக் கேட்டால், "எம் பொண்ணு எலும்பு மாவு பெசையறா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

அந்த அம்மா ஒரு நாள் அத்தையின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது புத்தலப்பட்டு கிட்டே விழுந்தாள். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு அமுங்கி நொறுங்கிவிட்டது. திருப்பதியில் ஆபரேஷன். அமுங்கியதைத் தூக்கி நிறுத்தி பிளேட் வைத்த டாக்டர், அடியில் இருந்த குழியை நிரப்பியது நான் செய்வதைப் போன்ற ஒரு நானோ கலவையால்தான். ஏதோ ஒரு கம்பெனி சரக்கு. என்னுடையது இன்னும் கண்ணாடித் தட்டை விட்டே வெளியே வரவில்லை. மனுஷ உடம்புக்குள் போக அதற்கு எத்தனையோ பரீட்சை பாக்கி.

அம்மா கேட்டால்தானே! பக்கத்துக் கட்டில், எதிர்க் கட்டில், ஊசி போட வந்த நர்ஸ், எல்லோரிடமும் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே பாட்டு: "உள்ள கீறது எம் பொண்ணு பண்ண எலும்பு."

"அம்மா, அது நான் பண்ணது இல்ல. மானத்த வாங்காத."

"சும்மா இருடி, உனுக்கு எப்பவும் கூச்சம்."

முதல் எக்ஸ்ரேயில் குழி இருந்த இடம் பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அத்தைக்குப் போன உயிர் வந்தது. அவள் வண்டியிலிருந்துதானே அம்மா விழுந்தாள்! அம்மாவுக்கு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் பழம் பொறுக்கும் வேலை. ஷிஃப்ட் முழுக்க நின்றே ஆக வேண்டும். குழி சரியாக நிறையாமல் எலும்பு மறுபடி அமுங்கினால் இன்னொரு ஆபரேஷன், அதற்கப்புறம் நடை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார்.

சில மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். அத்தை படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முகம் செத்துப்போனது.

"ஐயோ, வெள்ளையக் காணோமேடி! உம் மாவு கரைஞ்சி பூட்ச்சி!"

பிடுங்கிப் பார்த்தேன். மங்கித்தான் இருந்தது. "கரையணும் அத்தை, அதுக்குத்தான் வெக்கறதே" என்று சொல்லிக்கொண்டே படத்தை மறுபடி வெளிச்சத்தில் தூக்கினேன். புது எலும்பு வந்த பிறகு கரைந்திருந்தால் பிழைத்தோம். வருவதற்கு முன்னாலேயே கரைந்திருந்தால் உள்ளே வெறும் குழி. இத்தனை வருஷம் இதே வேலை பார்த்தவளுக்கு, இது எதுவென்று சொல்லத் தெரியவில்லை. அத்தையாவது வாய்விட்டு அழுதாள். எனக்கு அதுவும் வரவில்லை. அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

உள்ளே டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கம் பக்கமாக மாட்டினார். பேனா முனையால் குழியின் விளிம்பைத் தேடினார். கிடைக்கவில்லை. பழைய எலும்பின் மெல்லிய கோடுகள் அப்படியே குழிக்குள்ளும் ஓடியிருந்தன. தூக்கி நிறுத்திய மேல்மட்டம் துளிகூட இறங்கவில்லை.

"எமுக பாக வச்சேசிந்தம்மா" என்றார். எலும்பு நன்றாக வந்துவிட்டதாம்.

அப்பாடா! நோயாளி உட்கார வேண்டிய ஸ்டூலில் நான் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். அத்தை மலை இருக்கும் திசை தெரியாமல் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள். டாக்டர் சொன்னபடி வாக்கரை விட்டுவிட்டு அம்மா இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். மெல்ல வாசல் வரை நடந்தாள்.

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இது நீங்களே செஞ்சதாமே?" என்று தெலுங்கில் கேட்டார்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வெளியே வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "அவரு கிட்டயுமா? அது நான் பண்ணதே இல்லன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"தெரியும்டி. முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ தானே மரத்துப் போச்சி? கம்பெனிப் பொட்டியப் பிரிக்கறப்ப நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சே?"

"யாரு பண்ணதோ, இன்னாதோ, எங்காலுக்குள்ள வெக்கறாங்களேன்னு ஒடம்பெல்லாம் நடுங்கிச்சி. நீ பண்ணதுன்னு நெனச்சிக்கினேன். நடுக்கம் நின்னுடுச்சி."