பாதி முகம் பாக்கி

சித்தி எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லமாட்டாள். முதலில் மோதிர விரலின் பின்புறத்தை மூக்கின் ஓரத்தில் வைத்து ஓர் ஒத்து ஒத்துவாள். பிறகு அந்த விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். விரல் பளபளத்தால், "கொஞ்சம் இரு" என்று உள்ளே போய்விடுவாள். பளபளக்கவில்லை என்றால்தான் நமக்குப் பதில். கதவைத் தட்டியவர்கள், போனில் காத்திருந்தவர்கள், மதிப்பெண் பட்டியலை நீட்டிக்கொண்டு நின்ற நான், எல்லோரும் அந்த விரலின் தீர்ப்புக்குக் காத்திருந்தவர்கள்தான். சின்ன வயதில், சித்திகள் எல்லோருமே இப்படித்தான் யோசிப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

அவள் யோசிக்கவில்லை. எண்ணெய் வழிகிறதா என்று பார்த்தாள்.

அம்மாவின் தங்கை அவள். எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தாள். முகம் கழுவித் துடைத்துத் துண்டைக் கொடியில் போடுவதற்குள் நெற்றி மினுங்கத் தொடங்கிவிடும். மின்சாரம் போனால் அப்பா, "மெழுகுவத்தியத் தேடாதீங்க, மாடியில இருக்கறவளக் கூப்பிடுங்க" என்பார். சித்தியும் சளைத்தவள் இல்லை. "வரேன் மாமா. ஆனா பில்லு உங்க பேர்லதான் வரும்" என்று மேலிருந்தே குரல் கொடுப்பாள்.

சிரித்தாள் என்பதால் வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. பல மாடிகள் கொண்ட ஒரு பெரிய கடையில் மேக்கப் கவுண்டரில் நிற்கவேண்டும் என்பது அவள் ஆசை. நேர்காணலில் கவுண்டருக்குப் பொறுப்பான மேடம் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முகத்துல எண்ணெய் வழியுதேம்மா. நீ நின்னு வித்தா யாரு வாங்குவா?" என்று கேட்டிருக்கிறார். வேலை கிடைத்தது, கவுண்டரில் இல்லை, கிடங்கில். தரைக்குக் கீழே, ஏசி எட்டாத அறை. பெட்டிகளை உடைத்து, விலைச் சீட்டு ஒட்டி, மேலே அனுப்பவேண்டும். உதட்டுச் சாயமும் பவுடரும் நாள் முழுக்க அவள் கை வழியாகத்தான் போயின. முகத்துக்கு மட்டும் வழியில்லை.

நேரம் கிடைத்தபோதெல்லாம் போய்ச் சோப்புப் போட்டு முகத்தைத் தேய்த்துக் கழுவுவாள். கழுவக் கழுவ இன்னும் வழியும். "இது மூஞ்சியா, ஊத்தா?" என்று வீட்டுக் கண்ணாடியிடம் சண்டை போடுவாள்.

ஒருநாள் கடைக்குப் புதிதாக ஒரு ஃபவுண்டேஷன் வந்தது. காலையில் பூசினால் கடை மூடும்வரை நிற்கும் என்று விளம்பரம். அதை நிரூபிக்க, கவுண்டரில் நின்ற பெண் காலையிலேயே பாதி முகத்துக்கு மட்டும் பூசிக்கொண்டு நிற்பாள். மறுபாதி வெறுமையாக இருக்கும். வருகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். சித்தி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனபோது, பணி முடிந்து வந்த ஒரு நர்ஸ் அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"உன் தோலு காஞ்ச தோலும்மா. நிக்கிறதும் ஏசியில. உன் மூஞ்சியில சுண்ணாம்பு அடிச்சாலும் நிக்கும். என் மூஞ்சியப் பாரு, மத்தியானத்துக்குள்ள எல்லாம் கழுத்துக்கு எறங்கிடும். இதுல நிக்குமா, அதச் சொல்லு."

அந்தப் பெண் பக்கத்தில் நின்ற மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். சித்தி பெட்டியைக் கீழே வைத்தாள். மூக்கோரத்தில் விரலை ஒத்தினாள். பளபளத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் உள்ளே ஓடவில்லை. அந்த விரலை மேடத்திடம் நீட்டினாள்.

"என் மூஞ்சியில போட்டுப் பாருங்க மேடம். இதுல நின்னா எதுலயும் நிக்கும்."

பக்கத்துக் கவுண்டர்கள்வரை சிரிப்பு பரவியது. நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "அவ சொல்றதுதான் நியாயம்" என்றார். மேடம் யோசித்தார். "சனிக்கிழமை போட்டுக்க. ஆனா கிடங்கு வேல கெடக்கூடாது. மூடற நேரத்துல நானே பாப்பேன். நின்னிருந்தா கவுண்டர் உனக்கு. வழிஞ்சிருந்தா இந்தப் பேச்சையே இனிமே எடுக்கக்கூடாது." நர்ஸிடம் திரும்பி, "நீங்களும் வந்து பாருங்க" என்றார். கவுண்டர் பெண் ஒரு சாம்பிள் ட்யூபைச் சித்தியின் கையில் திணித்து, "வீட்ல ஒரு தடவ பாத்துட்டு வாக்கா" என்றாளாம்.

யார் முகத்தில் பார்ப்பது என்பதுதான் பிரச்சினை. கிடங்கில் கண்ணாடி கிடையாது. தன் முகத்தைத் தானே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். அம்மாவுக்கு விடுதிகளின் படுக்கை விரிப்புகளை நீராவி இயந்திரத்தில் தேய்த்து மடிக்கும் வேலை. அந்தக் கூடத்துக்குள் போனால் மூக்குக்கண்ணாடியே வியர்க்கும்.

"எனக்கெதுக்குடி இதெல்லாம்?"

"உன் தோலும் என் தோலும் ஒரே வீட்டுத் தோலு. ஆவியில நின்னா கிடங்குல நிக்காதா? அசையாத."

வெளிச்சம் விழுந்த இடது பக்கத்தில் தொடங்கினாள். பட்டாணி அளவு க்ரீம். பிறகு ஈரப் பஞ்சால் ஃபவுண்டேஷனை ஒத்தி ஒத்தி, மெல்லிசாக. அதன்மேல் பவுடரைத் தேய்க்காமல் அழுத்தி. புருவம், கண் ஓரம், உதட்டின் இடது பாதி. மூக்குத் தண்டுவரை வந்து நின்றபோது வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அம்மா எழுந்துவிட்டாள்.

"அக்கா, இன்னும் பாதி இருக்கு!"

"வேன் போயிட்டா உன் பாதிய வச்சு நான் என்ன பண்றது?"

"நாளைக்குப் போட்டு விடறேன். பாக்கின்னு வச்சுக்க!"

அம்மா அன்று பாதி முகத்தோடு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, விளக்குக்கு அடியில் இழுத்து, சித்தி மூக்கில் மூக்கு இடிக்கப் பார்த்தாள். இடது பாதி அப்படியே இருந்தது. மூக்கின் மடிப்பில் மட்டும் கொஞ்சம் திரண்டிருந்தது. தாடையில் ஒரு கீற்று காணவில்லை.

"இங்க என்ன பண்ணின?"

"வேத்துதுன்னு துணியால துடைச்சேன்."

"மத்த எடத்துல?"

"அந்தக் கெழவி, எங்க மேஸ்திரி, 'ஒரு பக்கம் பொண்ணு, ஒரு பக்கம் மாமியா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அப்பறம்தான் மூஞ்சியில இது இருக்கறதே ஞாபகம் வந்துச்சு. துடைக்காம சும்மா ஒத்திக்கிட்டேன்."

சித்தி அதைவிட இன்னொன்றைக் கவனித்துவிட்டாள். அம்மாவின் வலது பாதி, ஒன்றும் பூசாத பாதி, தன் முகத்தைவிடக் குறைவாகத்தான் மினுங்கியது. நாள் முழுக்க ஆவியில் நின்ற முகம்! "நீ மூஞ்சிக்கு எத்தன தடவ சோப்பு போடுவ?" என்று கேட்டாள்.

"காலையில ஒருக்கா. நாள் பூரா சோப்பு வாசனையிலதான் கெடக்கறேன், மூஞ்சிக்கும் எதுக்கு?"

சித்தி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் தேச்சுத் தேச்சு அதுக்குக் கோவம் வர வச்சிருக்கேன்" என்றாள். அந்த இரவு சோப்பு டப்பாவை என்னிடம் கொடுத்து, "நான் கேட்டாக்கூடக் குடுக்காத" என்றாள். கேட்கவும் செய்தாள். நான் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை விடியலில் தன் இடது பாதியைத் தானே முடித்துக்கொண்டு கிளம்பினாள். அம்மா தன் பாக்கியைக் கேட்டாள். "இன்னிக்கு என் உயிரே போகுது, நாளைக்கு" என்று சித்தி படியிறங்கிவிட்டாள்.

அன்று பார்த்துக் கடையின் சரக்கு லிஃப்ட் நின்றுபோனது. பெட்டிகளைப் படிக்கட்டு வழியாகத்தான் ஏற்றவேண்டும். கடைக் காவலாளி அவளை மறித்து, "இந்தப் பக்கமா வந்தா கஸ்டமரு, அந்தப் பக்கமா வந்தா கிடங்கு. நான் எந்தப் பக்கத்துக்குக் கதவு தொறக்கறது?" என்று கேட்டானாம். "ரெண்டு கதவு இருக்குல்ல, ரெண்டையும் தொற" என்று பெட்டியோடு போய்விட்டாளாம். வியர்த்தபோதெல்லாம் மடித்த டிஷ்யூவை வைத்து ஒத்தினாள். தேய்க்கவில்லை. முகம் கழுவும் தொட்டி பக்கமே போகவில்லை.

மூடும் நேரத்துக்கு அம்மாவும் நானும் போய் நின்றோம். நர்ஸ் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். சித்தி படியேறி வந்தாள். தலைமுடி கலைந்து, சட்டை முதுகோடு ஒட்டி, பாதி முகம் மட்டும் இப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்பியதுபோல. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

மேடம் ஒரு டிஷ்யூவை வலது கன்னத்தில் வைத்து எடுத்தார். தாள் கண்ணாடிபோல ஆனது. இன்னொன்றை இடது கன்னத்தில் வைத்தார். லேசான ஒரு வட்டம், அவ்வளவுதான். நிறம் தாளில் வரவில்லை. பிறகு மூக்கருகே குனிந்தார்.

"இங்க போயிருக்கே."

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். சித்தி விரலை மூக்கோரத்தில் ஒத்தினாள், பார்த்தாள்.

"ஆமா மேடம், போயிருக்கு. மூக்கு எங்களுக்கெல்லாம் போகும். போகாதுன்னு சொல்லி வித்தா நாளைக்கே திருப்பிக் கொண்டாந்து குடுப்பாங்க. போனா எப்படி ஒத்தி எடுத்து மேல பவுடர் வைக்கணும்னு சொல்லிக் குடுத்து வித்தா மறுபடி வருவாங்க." சொல்லிக்கொண்டே ஒத்தினாள், தொட்டுவைத்தாள். மூக்கு திரும்பி வந்தது.

நர்ஸ் கவுண்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "எனக்குப் போட்டு விடு. நீ போடு, வேற யாரும் வேணாம்."

மேடம் அவரைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். "திங்கக்கிழமைலேருந்து மேல வந்துடு" என்றார். பிறகு, "தலைய மட்டும் சீவிட்டு வா."

அன்று பஸ்ஸில் வீடு திரும்பியபோது சித்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தனியாகச் சிரித்தபடி வந்தாள். எதிர் இருக்கைக் குழந்தை அவளுடைய இரண்டு பாதிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கியது. அதற்கும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு கவுண்டரே அவள் வீடு. எண்ணெய் வடியும் முகங்கள் எல்லாம் அவளைத் தேடி வந்தன. தினமும் பாதிப் பாதி முகங்கள். நாற்காலி போட்டிருந்த வாக்கில் வந்தவர்களின் இடது கன்னம்தான் அவள் கைக்கு வாகு. மறுபாதியைத் தாங்களே செய்து பார்க்கச் சொல்வாள்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டம் வந்ததோடு எதைப் பார்த்தாலும் இது சரியா என்று கேட்கும் பழக்கமும் வந்தது. ஒருநாள் சித்தியிடம், "முகம் இப்படி இருந்தா தப்புன்னு சொல்லித்தானே விக்கறீங்க?" என்று கேட்டேன். விரல் மூக்குக்குப் போனது. பார்த்தாள்.

"நான் தப்புன்னு சொல்லலடி. சாயங்காலம்வரைக்கும் மூஞ்சிய மறந்துட்டு வேலையப் பாருன்னு சொல்றேன்."

"அப்ப நீ ஏன் நாள் பூரா தொட்டுத் தொட்டுப் பாக்கற?"

"எனக்கு அதான்டி வேல!"

அந்தப் பதில் போதுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சித்தி அதைச் சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் குறை ஒன்றும் தெரியவில்லை என்பது மட்டும் தெரியும்.

அம்மாவின் பாதி முகம் பாக்கியாகவே நின்றது. அம்மாவுக்கு ஞாயிறு விடுமுறை. கடைக்கு ஞாயிறுதான் திருவிழாக் கூட்டம். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அம்மா கடைசியில் அதில்தான் வந்து நிற்பாள். "பெருசா பேச வந்துட்டா. மொதல்ல என் பாதி மூஞ்சியக் குடு!"

போன மாதம் வேறு நகரத்தில் திறந்த கிளைக்குச் சித்தியைக் கவுண்டர் பொறுப்பாளராக அனுப்பினார்கள். வழியனுப்ப பஸ் நிலையம் போனோம். பஸ் கிளம்ப நேரமிருந்தது. சித்தி மேக்கப் பெட்டியைத் திறந்தாள்.

"உட்காரு அக்கா. கடனோட ஊரவிட்டுப் போனேன்னு பேரு வேணாம்."

அம்மா சூட்கேஸின்மேல் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒத்தல், அழுத்தல், புருவம், உதடு. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பாட்டி, "எனக்கும் போடுவியாம்மா?" என்று கேட்டார். மூக்குத் தண்டுவரை வந்தபோது டிரைவர் ஹாரன் அடித்தார். சித்தி அம்மாவின் மூக்கோரத்தில் தன் விரலை ஒத்தி, வெளிச்சத்தில் பார்த்து, "தீந்துச்சு கணக்கு" என்று பெட்டியை மூடி, சூட்கேஸையும் எடுத்துக்கொண்டு ஏறினாள்.

பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாகக் கையசைத்தவளுக்கு அப்போதுதான் அம்மாவின் முகம் நேராகத் தெரிந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா! மறுபடி இடது பக்கமே போட்டுட்டேனே!"

பஸ் திரும்பும்வரை அவள் தலை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. நடத்துனர் திட்டுவதும் கேட்டது. அம்மா சிரித்துச் சிரித்துச் சூட்கேஸ் இருந்த இடத்திலேயே, வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்குத்தான் தெரிஞ்சிருக்குமே. நடுவுல சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"வாயத் தொறந்தா லிப்ஸ்டிக் கலஞ்சுடும்னு இருந்தேன்" என்றாள்.

அப்படியே வேலைக்குப் போனாள். மேஸ்திரிக் கிழவி அதே வார்த்தையைச் சொல்லி மறுபடி சிரித்தாராம். சாயங்காலம் விளக்குக்கு அடியில் நான்தான் பார்த்தேன். இடது பாதி நின்றிருந்தது, மூக்குகூடப் போகவில்லை. வலது பாதி இன்னும் பாக்கி.